அம்பத்திநாலு நோட்டு

அப்பாவுக்கு அவருடைய அப்பா வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. தெருவில் அவர் பெயர் அம்பத்திநாலு. சலூன்காரர், "வாங்க அம்பத்திநாலு, உக்காருங்க, இவருக்கு முடிச்சுட்டு வர்றேன்" என்பார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. அப்பாவும் போய் உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டுவார். கெட்ட எண்ணம் எல்லாம் அவருடைய மகளிடம்தான் சேர்ந்து கிடந்தது.

மகளுக்கு வீட்டில் பெயர் ஊசி. பிறந்தபோது ஒல்லியாக இருந்தாள் என்று வைத்தது. வளர வளர அது வாய்க்கும் பொருந்திவிட்டது.

அப்பா ஒரு நாற்காலிப் பட்டறையில் கேஷியராக இருந்தவர். மேசை, நாற்காலி, அலமாரி செய்கிற இடம். மரத்தூள் வாசனையோடுதான் வீட்டுக்கு வருவார். கணக்கு எழுதுகிறவருக்கும் தச்சருக்கும் அந்த வாசனையில் வித்தியாசம் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை பட்டறைக்கு ஆடிட்டர் வருவார். பச்சை மையில் எழுதுகிறவர். அதனால் அவர் போகிற இடமெல்லாம் அவருக்கும் அதுவே பெயர்: பச்சை மை.

அந்த வருஷம் பச்சை மை வந்தது சம்பள நாளில். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பச்சை மை பணப்பெட்டியைத் திறக்கச் சொல்லி, எண்ணி, நோட்டுப் புத்தகத்தில் இருந்த இருப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஐம்பத்து நான்கு நூறு ரூபாய் நோட்டுகள் குறைந்தன. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரிசையைப் பார்த்துச் சொன்னார்: "அம்பத்திநாலு நோட்டுக்குக் கால் முளைச்சிருக்கு முதலாளி. எந்த வீட்டுக்கு நடந்து போச்சுன்னு உங்க கேஷியரைக் கேளுங்க."

வரிசை சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் அப்பாவின் கையால் சம்பளம் வாங்கியவர்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பச்சை மை அடுத்த வார்த்தையையும் சொல்லிவிட்டார். திருட்டு.

முதலாளி போலீசுக்குப் போகவில்லை. "அதுக்கே நீ எனக்குக் கடமைப்பட்டிருக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு யாரும் அவரை ஒரு கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க விடவில்லை. அவருக்கும் ஆசை விட்டுப்போனது. "காசு தொடாத வேலையா இருந்தா சொல்லுங்க" என்று கேட்டு அலைந்து, கடைசியில் ஒரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிற வேலை கிடைத்தது. ஏறுகிறவர்கள் மாடி எண்ணைச் சொல்வார்கள், அவர் பொத்தானை அழுத்துவார். எண்களோடு அவருக்கு மிச்சமிருந்த உறவு அவ்வளவுதான்.

அம்மா இதை விடவில்லை. அடுப்படியில் நின்றபடி பச்சை மையைத் திட்டாத நாளே கிடையாது. "அவன் கூட்டுற கணக்கெல்லாம் குப்புற விழ. அவன் பேனா மூடி தொலைஞ்சு மை சட்டையெல்லாம் ஒழுக." திட்டுவதில் அம்மாவுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் கணக்கு, பிறகு பேனா, பிறகு வயிறு. ஊசி பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதுவாள். ஒருநாள் அம்மா வயிற்றை மறந்துவிட்டால், "வயிறும்மா" என்று எடுத்துக் கொடுப்பாள்.

பள்ளி முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் நர்ஸ் வேலையைச் சொன்னார்கள். அத்தை வீட்டுக்கே வந்து, "ஊசின்னு பேரு வேற இருக்கு, பொருத்தமா இருக்கும்" என்றாள். ஊசி கணக்கியலுக்கு விண்ணப்பம் போட்டாள். அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டாள். "உங்க குடும்பத்துக்கு அது ராசியில்லையேடி."

"ராசியைத்தான் அத்தை போய்ப் பார்க்கப் போறேன்."

பல்கலைக்கழகத்தில் அவளோடு படித்தவர்களுக்கு ஆளுக்கொரு திட்டம் இருந்தது. ஒருத்தனுக்கு வங்கி. ஒருத்திக்கு வெளிநாட்டுக் கம்பெனி. பின்வரிசையில் இருந்தவனுக்கு மாமனாராக வரப்போகிறவரின் அரிசி ஆலை. ஊசியின் திட்டத்தில் வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஆள் இருந்தார். கூட்டம் பார்த்து நிற்கிற ஒரு இடத்தில், பச்சை மை அதே வாயால், தப்பு என்று சொல்ல வேண்டும். எப்படி என்று அவளுக்குத் தெரியாது. படித்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். ஒவ்வொரு பரீட்சை முடிந்து வரும்போதும் கேட்பாள்: "இன்னும் அவனை ஒழிக்கிற பாடம் வரலையா?"

"வரும்மா. இப்போதான் தேய்மானம் நடத்துறாங்க."

"எதைத் தேய்க்கிறாங்க?"

"மேசை நாற்காலியை."

"அவனைத் தேய்ச்சா தேவலை."

பாடம் முதல் வருஷக் கடைசியில் வந்தது. மதிய வகுப்பு, பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். கணக்கியல் மேடம் பலகையில் இரண்டு தொகைகளை எழுதி, ஒன்றை மற்றொன்றிலிருந்து கழித்தார். "டேலி ஆகலேன்னா உடனே பதறக் கூடாது. வித்தியாசத்தை ஒன்பதால வகுத்துப் பாருங்க. மிச்சமில்லாம வகுபட்டா, எங்கேயோ ரெண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கலாம். முப்பத்தஞ்சை அம்பத்திமூணுன்னு எழுதியிருப்பீங்க. இதை ஆடிட்டர் ஆபீஸ்ல டீ வாங்கிட்டு வர்றவனுக்குக்கூடத் தெரியும்."

ஊசி எழுந்து நின்றாள். தான் எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. "மேடம், அம்பத்திநாலு ஒன்பதால வகுபடுமா?"

வகுப்பு முழுவதும் விழித்துக்கொண்டு சிரித்தது. பல்கலைக்கழகத்துக்கு வந்து வாய்ப்பாடு கேட்கிறாள். பின்வரிசை அரிசி ஆலை, "ஆறு தரம் போகும் பாப்பா" என்றது. ஊசிக்குச் சிரிப்புச் சத்தம் காதில் ஏறவே இல்லை. சிறு வயதிலிருந்து தெருவில், சலூனில், பால் கடையில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பெயர். விடை அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் மேடத்தைத் துரத்திப் பிடித்தாள். "ஒரு ஆடிட்டர் இதைப் பார்க்காம விட்டா, மேடம்?"

மேடம் நடந்துகொண்டே சொன்னார்: "ஒன்பதால வகுபடுறது சந்தேகம்தாம்மா, சாட்சி இல்ல. ஆனா தேடிப் பார்க்காமலே விட்டார்னா அவர் சோம்பேறி. சோம்பேறிங்க ஒருதடவையோட நிறுத்த மாட்டாங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை மேடம் அலுப்பில் சொன்னார். ஊசி அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனபோது அப்பா லிஃப்ட் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பழைய நோட்டுப் புத்தகங்கள் எப்போதோ பட்டறையிலிருந்து எடைக்குப் போயிருக்கும். ஆனால் அப்பாவின் தலைக்குள் இருந்தவை எங்கேயும் போகவில்லை. ஊசி செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அப்பா, அந்த வாரம் யாருக்காவது அறுபது நோட்டு குடுத்தீங்களா?"

"இல்ல."

"எண்பத்திரெண்டு? தொண்ணூத்திமூணு?"

"எதுக்குடா கேக்குற?"

"எழுபத்தொண்ணு?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. "மரக்கடைக்காரருக்கு. பலகை இறக்கின அன்னைக்கு. அவசரமா நின்னார், வண்டி வெளியில ஹாரன் அடிச்சுக்கிட்டிருந்துச்சு."

"பதினேழுன்னு எழுதியிருக்கீங்க. குடுத்தது எழுபத்தொண்ணு, எழுதினது பதினேழு. கழிச்சுப் பாருங்க."

அப்பா கழித்துப் பார்க்கவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை. துணி கருகுகிற வாசனை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினார்.

"நான் அப்படி எழுத மாட்டேன்" என்றார். சட்டையில் விழுந்த பழுப்புத் தடத்தைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "எழுதியிருப்பேன்" என்றார்.

ஊசி அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்து ஓடிவந்திருந்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். "திருடன்னு சொன்னப்போ அது பொய்யின்னு எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்துலதான் இவ்வளவு நாளும் லிஃப்ட்ல நின்னேன். இப்போ நீ சொல்றது நிஜம். கணக்கு எழுதத் தெரியாதவன்னு ஆயிடுச்சே."

"நீங்க செஞ்சது தப்புப்பா. அவன் செஞ்சது அநியாயம்."

"விட்டுடு ஊசி."

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "அவர் விட்டுட்டார். நீ விடாதே."

மூன்றாம் வருஷம் எல்லாரும் ஏதாவது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சி எடுத்தாக வேண்டும். அங்கே கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இல்லாமல் பட்டமும் இல்லை, அதற்கு மேல் எழுதுகிற தொழில் பரீட்சையும் இல்லை. நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் கண்ணாடிக் கட்டடங்களுக்கு ஓடினார்கள். நல்ல மதிப்பெண் வாங்கிய ஊசி, மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த பச்சை மையின் அலுவலகத்தைக் கேட்டு வாங்கினாள். மேடத்துக்குப் புரியவில்லை. "அங்கே என்னம்மா இருக்கு கத்துக்கறதுக்கு?"

"ஒரு ஆளைக் கத்துக்கணும் மேடம்."

அந்த ஆள் மோசமானவராக இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். பச்சை மை எல்லாருக்கும் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தார். மழை பெய்தால், "பஸ் நிக்காது, ஆட்டோவுல போம்மா" என்று சில்லறை எடுத்து நீட்டினார். யாரையும் வாடா போடா என்று கூப்பிடவில்லை. ஊசி இதையெல்லாம் பற்களைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

மாநிறமாக, பருத்து, உதடு மட்டும் சின்னதாக இருக்கிற மனிதர். தொகைகளின் மேல் விரலை ஓடவிட்டு, உதடு அசைய, கீழே வந்து சேரும்போது கூட்டல் முடிந்திருக்கும். கால்குலேட்டர் தட்டுகிறவர்களைப் பார்த்தால் இளிப்பார். இரண்டாவது தடவை கூட்டவே மாட்டார். யாராவது சரிபார்க்கலாமா என்று கேட்டால், "ஒருதரம் கூட்டினா போதும். நான் முழிச்சுக்கிட்டுதான் கூட்டுறேன்" என்பார். அவர் கூட்டல் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஊசி திருட்டுத்தனமாக எல்லாவற்றையும் மறுபடி கூட்டிப் பார்த்து ஏமாந்துபோனாள்.

சேர்ந்த சில நாட்களிலேயே அந்தக் கதையும் வந்தது. டீ நேரம். புதிதாக வந்த பையன்களுக்கு அவர் சொல்கிற வழக்கமான கதை போலிருந்தது. வார்த்தைகள் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தன. "ஒரு நாற்காலிப் பட்டறை. கேஷியர் பரம சாது மாதிரி இருப்பான். பெட்டியைத் திறந்து எண்ணினேன். அம்பத்திநாலு நோட்டு இல்ல. நான் ஒண்ணும் சத்தம் போடல. கால் முளைச்சிருக்குன்னு மட்டும் சொன்னேன். ஆள் வெலவெலத்துட்டான். மூஞ்சியைப் பார்த்தே முடிவு பண்ணிட்டேன்."

பையன்கள் சிரித்தார்கள். ஊசியும் சிரித்தாள். அவள் கையிலிருந்த டீயில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அந்தச் சிரிப்பை அவள் அவர் பெயரில் எழுதிவைத்துக்கொண்டாள், வட்டியோடு.

பிறகு காத்திருந்தாள். அரிசி மண்டி, மருந்துக் கிடங்கு, டயர் கடை, தனியார் பள்ளிக்கூடம் என்று அவர் போகிற இடமெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். எங்கேயும் வித்தியாசம் வரவில்லை. வந்தாலும் கூட்டம் இல்லாத அறைகளில் வந்தது. பயிற்சி முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. அம்மா கேட்பதை நிறுத்திவிட்டு வெறுமனே பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

பார்சல் ஆபீஸ் கடைசியில் வந்தது. லாரியில் மூட்டை அனுப்புகிற இடம். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் கல்லா; அந்தப் பக்கம் லோடு ஏற்றுகிற ஆட்கள், டிரைவர்கள், மூட்டைக்காக வந்து நிற்கிறவர்கள். கல்லாவில் ஒரு அக்கா. மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தாள். எல்லாருக்கும் அவள் கவுண்டர் அக்கா. "அக்கா, என் மூட்டை எங்கே?" என்று கேட்டால், தலையை நிமிர்த்தாமல், "உன்னைவிடச் சீக்கிரம் கிளம்பிடுச்சு" என்பாள். ஊசிக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போனது. உட்கார நாற்காலி கொடுத்ததும் அவள்தான்.

பச்சை மை உள்ளறையில் முதலாளியோடு பேசிக்கொண்டிருக்க, ஊசி அந்த வாரத்துச் செலவுச் சீட்டுகளைக் கணக்கு நோட்டோடு சரிபார்த்தாள். டீசல் போட்ட சீட்டு ஒன்று. ஐம்பத்திரண்டு நூறு ரூபாய். கணக்கு நோட்டில் எழுதியிருந்தது இருபத்தைந்து. அவள் எதிரே பார்த்தாள். அக்கா யாரிடமோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, இங்கே மாத்தி எழுதிட்டீங்க பாருங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேலை.

ஊசி சீட்டை மேசையில் வைத்து அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

டீ வந்தது. குடித்தார்கள். பச்சை மை கல்லாவுக்கு வந்து பெட்டியை எண்ணினார். உதடு அசைந்தது. மறுபடி நோட்டைப் பார்த்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. ஊசிக்கு முழங்கைக்குக் கீழே காகிதம் வேர்வையில் ஒட்டிக்கொண்டது.

"முதலாளி, இங்கே வாங்க" என்றார் பச்சை மை, கம்பி வலைக்கு அந்தப் பக்கமும் கேட்கிற குரலில். "இருபத்தேழு நோட்டுக்குக் கால் முளைச்சிருக்கு."

லோடு ஆட்கள் சிரித்தார்கள். யாரோ, "அக்கா, உங்க மூட்டையும் சீக்கிரம் கிளம்பிடுச்சா?" என்று கத்தினான். அக்கா நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். பக்கங்களைப் புரட்டினாள். கண்ணாடியைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். "இருக்காது சார். நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சு. இருங்க சார், இருங்க."

ஊசி இருந்தாள். இன்னும் அந்த வார்த்தை வரவில்லை.

"என்னம்மா தேடுறே, மேசைக்கடியிலயா இருக்கப் போகுது?" என்றார் பச்சை மை. "நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். மூஞ்சியே சொல்லுதே." பிறகு முதலாளியைப் பார்த்துத் திரும்பினார். "இது திருட்டு."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது. ஊசி எழுந்தாள்.

"சார், இருபத்தேழை ஒன்பதால வகுத்தீங்களா?"

அவர் திரும்பினார். அவள் சீட்டைத் தூக்கிக் காட்டினாள். எல்லாருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு எண்ணாக, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "டீசலுக்குக் குடுத்தது அம்பத்திரெண்டு. நோட்டுல விழுந்தது இருபத்தஞ்சு. வித்தியாசம் இருபத்தேழு. பணம் எங்கேயும் நடந்து போகல சார். லாரி டேங்குல இருக்கு."

கூட்டம் ஆரவாரம் செய்தது. பச்சை மை ஒரு கணம்தான் திகைத்தார். அடுத்த கணம் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சபாஷ்! பார்த்தீங்களா முதலாளி? யார்கிட்ட வேலை கத்துக்கிட்ட பொண்ணு? நம்ம ஆபீஸ்!" அவள் தோளைத் தட்டினார். முதலாளியும் தலையாட்டினார். எல்லாம் அவருடைய பெருமையாக மாறிக்கொண்டிருந்தது. இதை ஊசி எதிர்பார்க்கவில்லை.

"அம்பத்திநாலையும் வகுத்துப் பாருங்க சார்."

"எந்த அம்பத்திநாலு?"

"நாற்காலிப் பட்டறை. நீங்க டீயோட சொல்ற கதை. அதுல வர்ற திருடனோட மகள் நான். மரக்கடைக்குக் குடுத்தது எழுபத்தொண்ணு. எழுதினது பதினேழு."

பச்சை மையின் உதடு அசைந்தது. அவரால் அதைத் தடுக்க முடியாது. எண்ணைக் கேட்டால் கூட்டுகிற உதடு அது. கூட்டி முடித்ததும் அப்படியே நின்றது. பருத்த கன்னங்களில் இரத்தம் ஏறி, இறங்கி, காதில் மட்டும் தங்கியது. ஊசி அந்த முகத்தை அவசரமில்லாமல் பார்த்தாள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்துவைத்துக்கொண்டாள்.

"அது நிரூபணம் இல்ல" என்றார் கடைசியில், சின்னக் குரலில்.

"நீங்க அன்னைக்குச் சொன்னதுக்கும் நிரூபணம் இல்லையே சார்."

அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பேனாவை மேசையிலேயே விட்டுவிட்டார். கூட்டம் வழிவிட்டது; யாரோ மெதுவாக விசிலடித்தார்கள்.

ஊசி சீட்டுகளை அடுக்கினாள். கவுண்டர் அக்கா அவள் எதிரே வந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று ஊசி முகத்தைத் தயார் செய்தாள்.

"அந்தச் சீட்டு எங்கேம்மா இருந்துச்சு?"

"இங்கேதான்க்கா. மேசையில."

"உன் கைக்குக் கீழே." அக்கா குரலை உயர்த்தவில்லை. சீட்டை வாங்கி விரித்தாள். முழங்கை ஊன்றிய இடத்தில் அது வேர்வையில் நைந்திருந்தது. "டீ வர்றதுக்கு முன்னாடியே வச்சுக்கிட்டிருந்தே, இல்ல?"

ஊசி அடுக்கிய சீட்டுகளை மறுபடி தட்டி அடுக்கினாள்.

"அந்த வார்த்தையை அவர் சொல்லட்டும்னு இருந்தியா?" அக்கா கம்பி வலையின் பக்கம் தலையைத் திருப்பினாள். "அங்கே நிக்கிறான் பாரு நீலச் சட்டை. என் மகன்."

நீலச் சட்டைக்காரன் ஒரு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தான். வேண்டுமென்றே இந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தான்.

வீட்டில் அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதையை மூன்று தரம் சொல்லவைத்தாள். "காது சிவந்துச்சா? நல்லா சிவந்துச்சா?" அப்பா கேட்டும் கேட்காததுபோல ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். மூன்று தரமும் ஊசி சீட்டு எங்கே இருந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டாள். பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த இடத்தில் கதை ஒரு படி தாண்டித்தான் போகும்.

பச்சை மை சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்தார். "பார்சல் ஆபீஸுக்கு வந்து, பேசினது தப்புன்னு அதே இடத்துல சொல்லு. போடுறேன்."

"ஒருதரம் கூட்டினா போதும்னு நீங்கதானே சார் சொல்வீங்க. நானும் ஒருதரம்தான் சொல்வேன்."

அதற்கு விலை ஒரு முழு வருஷம். வேறு ஒரு கம்பெனியில் பயிற்சியை முதலிலிருந்து எடுத்தாள். குளிர்பதனக் கிடங்கில் விறைத்த விரலோடு பெட்டிகளை எண்ணினாள். கூடப் படித்தவர்கள் சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அரிசி ஆலைக்காரனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. ஊசி தொழில் பரீட்சைகளை எழுதினாள், விழுந்தாள், மறுபடி எழுதித் தேறினாள். தேறியதும் அலுவலகம் போட இடம் தேடினாள். நகரத்தில் எவ்வளவோ மாடிகள் காலியாக இருந்தன. அவள் எடுத்தது மருந்துக் கடைக்கு எதிர்ச்சாரியில் இருந்த மாடியை.

ஜன்னலுக்கு ஜன்னல் தெரியும். முதலில் டயர் கடைக்காரர் இந்தப் படியில் ஏறினார், பிறகு பள்ளிக்கூடம், பிறகு மண்டிக்காரர்கள் இருவர் சேர்ந்தாற்போல. அவள் யாரையும் போய்க் கூப்பிடவில்லை. பார்சல் ஆபீஸில் நின்ற டிரைவர்கள் ஊர் ஊராக மூட்டையோடு அந்தக் கதையையும் இறக்கியிருந்தார்கள். வருகிறவர்களிடம் அவள் சொன்னதெல்லாம், "இங்கே எல்லாத்தையும் ரெண்டு தரம் கூட்டுவோம்" என்பதுதான். அம்மா சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் வந்து ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காருவாள். எதிர் ஜன்னலில் பச்சை மை தன் பழைய வாடிக்கைக்காரர்கள் இந்தப் பக்கம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இன்னைக்குச் சட்டை சரியா இஸ்திரி போடலடி" என்று அம்மா நேரடி ஒலிபரப்புச் செய்வாள். திட்டுவதை அவள் நிறுத்திவிட்டிருந்தாள். பார்ப்பதில் அதைவிடச் சுவை இருந்தது.

ஒருநாள் எதிர் ஜன்னல் சாத்தியே கிடந்தது. வாடகைப் பலகை தொங்கியது. மகன் வீட்டோடு போய்விட்டார் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். தப்பு என்ற வார்த்தையை அவர் கடைசிவரை சொல்லவில்லை. சலூன்காரர் அப்பாவை இன்னமும் அம்பத்திநாலு என்றுதான் கூப்பிட்டார்.

அந்த வருஷம் பார்சல் ஆபீஸ் முதலாளி வந்தார். பச்சை மையிடம் இருந்த கடைசி வாடிக்கை. ஊசி கோப்பை வாங்கிக்கொண்டாள். அக்காவைப் பற்றிக் கேட்க வேண்டியது எதையும் கேட்காமல் நாள் மட்டும் குறித்தாள்.

கம்பி வலைக்குப் புதுப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். கல்லாவில் அதே அக்காதான். தலை நரைத்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன், "இருபத்தேழு! சில்லறை இருக்கா?" என்று கத்தினான். பணம் போகவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பெயர் விழுந்துவிட்டது. அக்கா சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.

ஊசி கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். "அக்கா, சௌக்கியமா? கணக்குப் பார்க்க வந்திருக்கேன். இந்த மாசச் சீட்டுக் கட்டு..."

அக்கா நிமிரவில்லை. வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் பேர் கேட்டு, ஊர் கேட்டு, எடை பார்த்து அனுப்பினாள். வரிசை தீர்ந்தது. பிறகு கல்லாவைப் பூட்டினாள், கை கழுவினாள், சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்து மூடியைத் திறந்தாள். ஊசிக்கு நாற்காலி போடவில்லை. மூலையில் கிடந்த மூட்டை ஒன்றைக் கண்ணால் காட்டினாள்.

"உக்காரு" என்றாள், முதல் கவளத்தை உருட்டிக்கொண்டே. "உனக்குத்தான் காத்திருக்க நல்லா வருமே."